செக்கானூரணி முக்கில் ஒரு காது

என் தங்கை மகளுக்குக் காது குத்தப்போகிறோம் என்று செக்கானூரணி முக்கில் பேனர் கட்டிய மறுநாள் காலையிலேயே, டீக்கடையில் ஒருத்தர் என்னிடம் வந்து டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டார்.

"எந்த டாக்டரு?"

"காது டாக்டருதான். அந்தா போட்டுருக்குல்ல. எங்க அம்மாவுக்கு ஒரு மாசமா காதுக்குள்ள குய்யுங்குது, தங்கப்பாண்டி. டோக்கன் சீட்டு எம்புட்டு?"

நிமிர்ந்து பார்த்தேன். மின்கம்பத்தின் பாதி உயரத்துக்கு மஞ்சள் பேனர். அதில் ஒரு காது. கறுப்புக் கோட்டில் வரைந்த ஒரே ஒரு காது. அதன் கீழே, சோணையில் கிழிந்த மாதிரி ஒரு கோடு வேறு; அச்சடிக்கும்போது மை இழுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். கீழே ஒரு மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், 'தன்விகா - காதணி விழா - அழகர்கோவில்' என்று தேதியோடு போட்டிருந்தது. தன்விகா என்பது ஆஸ்பத்திரியின் பெயர் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. ஊரைக் குற்றம் சொல்ல முடியாது. இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிதான் பெயர் வைக்கிறார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நான் தங்கப்பாண்டி. இரண்டு ஜேசிபி வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடிதான் எல்லாமே. அவன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை போட வேண்டும், காது குத்த வேண்டும். பேனரிலும் அவன் முகம்தான் பெரிதாக இருக்கும். கூலிங் கிளாஸ், மடித்துவிட்ட சட்டை, பக்கத்தில் ஒரு சிங்கம். கீழே வரிசையாகப் பங்காளிகள், மாமன் மச்சான்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள் என்று பாஸ்போர்ட் அளவில் முகங்கள். ஒரு முகம் விட்டுப்போனால் ஒரு வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுபோகும். போன வருடம் என் மச்சினன் வீட்டுப் பேனரில் ஒரு பெரியப்பாவை விட்டுவிட்டார்கள். அந்த மனிதர் இன்றுவரை அவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

இங்கே யாரோ ஒருத்தரை மட்டும் விடவில்லை. குடும்பத்தையே மொத்தமாக விட்டிருந்தார்கள்.

வரைந்தது என் தங்கை ரோகிணி. மதுரையில் மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் வீடு. டிசைனர். புத்தகத்துக்கு அட்டை போடுவாள், தேயிலைப் பாக்கெட்டுக்குப் படம் வரைவாள். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் வைத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கலைஞரை அறிமுகப்படுத்துவாள். பழைய டயரில் நாற்காலி செய்கிற ஒரு பெண், நாடக மேடைக்கு வெளிச்சம் மட்டும் போடுகிற ஒருவர், புதிது புதிதாகத் தமிழ் எழுத்து வடிவமைக்கிற ஒரு பையன். எங்கிருந்துதான் தேடிப் பிடிப்பாளோ. எனக்குப் பாதி புரியாது. புரியாவிட்டாலும் தவறாமல் ஹார்ட் போட்டுவிடுவேன். தங்கச்சி அல்லவா.

டீக்கடையில் நின்றபடியே அவளுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, பேனர் பாத்தியா? நல்லாருக்கா?" எடுத்த எடுப்பில் ஆசையாகத்தான் கேட்டாள்.

"நான் எங்க?"

"எங்கன்னா என்னண்ணே?"

"ஒன்னயத்தான் கேக்குறேன். தாய்மாமன் எங்க? சித்தப்பா எங்க? ஒருத்தரு மூஞ்சியும் காணோம். ஊரே ஆஸ்பத்திரி தொறக்கப்போறீகளான்னு கேக்குது."

"நல்லாப் பாத்தியாண்ணே?"

"நல்லாப் பாத்துட்டுத்தான் பேசுறேன்," என்று வைத்துவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். விடுகிற ஆளா நான்? குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். 'தாய்மாமன் மூஞ்சி வேணாம், மடி மட்டும் வேணுமாக்கும்? வேற மடி பாத்துக்கங்க. நான் வரல.' பின்னாலேயே மலைச்சாமி சித்தப்பா ஒன்று போட்டார். 'என் அண்ணன் மகனுக்கே மருவாதி இல்லாத எடத்துல எனக்கென்ன வேலை? எங்க வீட்லருந்து ஒரு ஈ, காக்கா வராது.' மத்தியானத்துக்குள் ஒரு வேன் ஆட்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

என் மனைவி கனகா தலையில் அடித்துக்கொண்டாள். "வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு தண்ணியக் குடிங்கன்னா கேக்குறீங்களா? பச்சப்புள்ள விசேசம். அது என்ன பண்ணுச்சு?"

வெளியே கோபமாகத் தெரிந்தாலும் எனக்குள்ளே இருந்தது பயம். என் தங்கை எனக்குப் புரியாத ஏதோ ஓர் உலகத்துக்குப் போய்விட்டாள், அங்கே அவளுக்கு உலகத்துக் கலைஞர்கள் எல்லாம் தெரிகிறார்கள், அண்ணன் தெரியவில்லை என்று தோன்றியது. அதை முக்கில் கட்டி ஊருக்கே காட்டியும் விட்டாள்.

மறுநாள் கோரிப்பாளையத்துக்குப் போனேன். என் முகத்தை நானே அடித்து, அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே கட்டிவிடுவது என்று முடிவு. ரோகிணி பேனர் அடித்த அதே கடைக்குத்தான் போனேன். காதைவிட இரண்டடி பெரிதாக வேண்டும் என்றால் அந்த அளவு தெரிந்தவனிடம்தானே போக வேண்டும்?

தர்காவைத் தாண்டி ஒரு மாடிக் கடை. ஹரிஷ்குமார் என்று ஒரு பையன்தான் முதலாளி, டிசைனர் எல்லாம். யாரிடமோ போனில் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டிருந்தவன், என்னைப் பார்த்ததும், "அம்மா சாப்பிட்டியான்னு கேக்குறாங்கண்ணே, ஒரு நிமிசம்," என்று முடித்துவிட்டு வந்தான். அவன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. உற்றுப் பார்த்தால் ரோகிணியின் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அவள் அறிமுகப்படுத்திய கலைஞர் இவன்தான். 'ஒரே பேனரில் தொண்ணூறு முகங்களை, ஒருவருக்கும் மனக்குறை வராமல் அடுக்குகிறவர்' என்று எழுதியிருந்தாள். இதற்கும் நான் ஹார்ட் போட்டிருப்பேன்.

"ஃபிளக்ஸ் அடிக்கிறவங்கல்லாம் ஆர்ட்டிஸ்ட்டா தம்பி?" என்றேன். எரிச்சலில் கேட்டதுதான்.

அவன் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. "நானும் அதத்தாண்ணே அக்காட்ட கேட்டேன். அவங்க என் பேனரு பத்துப் பதினஞ்சை வரிசையா வச்சுக் காட்டினாங்க. மொறச்சுக்கிட்டு இருக்குற ரெண்டு பேர நான் பக்கத்துல பக்கத்துல போடவே மாட்டேன். ஆளுக்கு ஒரு ஓரம். ஆனா ஒரே சைஸு, ரெண்டு பேரும் உள்பக்கமாத்தான் பாப்பாங்க. சண்டை போட்டாலும் ஒரே புள்ளையத்தான் பாக்குறாங்கன்னு தெரியணும்ல? நான் பாட்டுக்குச் செஞ்சுக்கிட்டு இருந்தேன். அவங்க சொன்னப்பறம்தான் எனக்கே தெரிஞ்சது நான் நல்லாப் பண்றேன்னு." கடைசியில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

எனக்கு அது பிடித்திருந்தது, சொல்லவில்லை. போனிலிருந்து என் போட்டோவை அனுப்பினேன். ஜேசிபியில் கை வைத்துப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு நிற்கிற படம். அவன் அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, தலையைச் சுற்றி ஓரமாகக் கோடு இழுத்து வெட்ட ஆரம்பித்தான். பின்னால் இருக்கிற ஜேசிபியை எடுத்துவிட்டுச் சிங்கத்தை வைக்க வேண்டுமே.

"முடி, காது ரெண்டும்தாண்ணே ரொம்பப் படுத்தும். மத்ததெல்லாம் ஓடிரும்," என்று பேசிக்கொண்டே போனவன், காதுச் சோணைக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டான். திரையையே பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி என் காதைப் பார்த்தான்.

"அண்ணே, கொஞ்சம் இருங்க."

ரோகிணி வரைந்த காதைத் திறந்து என் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தான். ஒன்றின் மேல் ஒன்றை நகர்த்தி வைத்தான். மேல் மடிப்பு பொருந்தியது. உள்சுழி பொருந்தியது. சோணையில் இருந்த அந்தக் கிழிசல், மை இழுத்தது என்று நான் நினைத்தது, அதுவும் அப்படியே பொருந்தியது.

"இது உங்க காதுண்ணே," என்றான் ஹரிஷ்குமார்.

கை தானாகக் காதுக்குப் போனது. அந்தக் கிழிசல் எப்படி வந்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் சின்ன வயதில் காது குத்திக் கடுக்கன் போட்டிருந்தார்கள். ரோகிணி கைக்குழந்தையாக இருந்தபோது அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் அலைந்தவன் நான். ஒருநாள் அவள் அந்தக் கடுக்கனைப் பிடித்து ஒரே இழுப்பு. சோணை கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அப்போதும் நான் அவளைக் கீழே போடவில்லையாம். வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டேதான் வந்தேனாம். அம்மா வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

முக்கில், ஊர் பார்க்க, மின்கம்பத்தின் பாதி உயரத்துக்கு என் தங்கை அதைத்தான் வரைந்து கட்டியிருக்கிறாள். எனக்கு அந்தப் பையன் முன்னாலேயே கண் நிறைந்துவிட்டது. அவன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

நேராக ரோகிணி வீட்டுக்குப் போனேன். ஹரிஷ்குமாரும் வண்டியில் ஏறிக்கொண்டான். ஏறாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதவைத் திறந்த ரோகிணியின் கண்கள் வீங்கியிருந்தன.

"எப்ப வரஞ்ச?" என்றேன்.

"பொங்கலுக்கு வந்துட்டு, தின்னுட்டு சோபால தூங்குனீல்ல. அப்ப."

"சொல்லித் தொலஞ்சா என்ன?"

"பாத்ததும் தெரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்."

"யாருடி தன் காதப் பாத்துருக்கா? கண்ணாடில மூஞ்சியத்தான பாக்குறோம்!"

"ஆமால்ல," என்றாள். "இம்புட்டு யோசிச்சேன், அத யோசிக்கல பாரு." அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. அப்புறம் எனக்கும்.

ஆனால் நான் மூட்டிய தீ அங்கே எரிந்துகொண்டிருந்தது. சித்தப்பாவுக்குப் போன் போட்டு, அது என் காதுதான், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன், எல்லோரும் வாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் லேசில் மசிகிறவரா?

"ஒங்காது வந்துருச்சு, நீ போற. எங்க மூஞ்சி எங்கடா?"

"சித்தப்பா, இது அந்த மாதிரி பேனரு இல்ல."

"அப்பறம் எந்த மாதிரி? ஒனக்கு மட்டும் அம்புட்டுப் பெருசா ஒரு காது, எங்களுக்கு ஒண்ணும் இல்லியா?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "சரி சித்தப்பா, ஒங்க காதையும் போட்டுருவோம்! வீட்ல எல்லாரு காதையும் போட்டுருவோம்! சரியா?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

திரும்பினால் ரோகிணியும் ஹரிஷ்குமாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணே," என்றாள் ரோகிணி மெதுவாக, "இப்ப என்ன சொன்ன?"

"கோவத்துல சொன்னேன் தாயி."

"இல்லண்ணே. அதத்தான் செய்யப்போறோம்."

அந்த வாரக் கடைசியில் இரண்டு பேரும் செக்கானூரணிக்கு வந்து எங்கள் வீட்டு முற்றத்தில் போட்டோ எடுக்க வெள்ளைத் துணி கட்டினார்கள். சொந்தபந்தமெல்லாம் காதைக் காட்ட வந்தது. முதலில் நான்கைந்து பேர், வேடிக்கைக்கு. பிறகு நம் காது விட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் எல்லோரும். வரமாட்டேன் என்ற சித்தப்பா, சலூனுக்குப் போய்க் காதில் இருந்த முடியெல்லாம் எடுத்துவிட்டு, கூலிங் கிளாஸும் போட்டு வந்தார். கண்ணாடி எதற்கு என்று ஹரிஷ்குமார் கேட்டான். "ஒரு கெத்துக்குடா, காது மேல கண்ணாடிக் காம்பு தெரியட்டும்," என்றார். சித்தி புதுத்தோடு மாற்றிக்கொண்டு வந்தாள். என் மகன் காதில் மாட்டிய இயர்பட்ஸைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தான். அதோடேயே எடுத்தார்கள். இடது காதா வலது காதா என்று ஒரு சண்டை, யார் காது மேல் வரிசை என்று ஒரு சண்டை. மேல் வரிசை கீழ் வரிசையே கிடையாது என்று ஹரிஷ்குமார் வட்டமாக அடுக்கிக் காட்டினான், நடுவில் தன்விகாவின் குத்தாத காது. எல்லாக் காதும் ஒரே அளவு. அதைப் பார்த்ததும் சண்டை அடங்கியது.

ஒன்றே ஒன்றில் மட்டும் ரோகிணி இறங்கிவரவில்லை. பெயர் போடக் கூடாது என்றாள்.

"பேரு இல்லாம எப்படித் தாயி? யாருது எதுன்னு தெரியாதுல்ல?"

"தேடட்டும்ணே."

அழகர்கோவிலில் வைத்து மறுபடியும் ஏதாவது வெடித்தால் இந்த முறை என்னால்தான் என்பார்கள். ஆனாலும் தலையாட்டினேன். அவளுக்கு ஏதோ தெரிகிறது, அது எனக்கும் தெரியக் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்கிற அளவுக்கு அந்த ஒரு வாரத்தில் புத்தி வந்திருந்தது.

விசேஷத்தன்று மண்டப வாசலில் அந்தப் பேனர். வேனில் இருந்து இறங்கியவர்கள் யாரும் பந்திக்குப் போகவில்லை, சாப்பாட்டு வாசனை வந்தும் போகவில்லை. எல்லோரும் பேனர் முன்னால் நின்று தங்கள் காதைத் தேடினார்கள். கிழிசல் இருந்த என்னைத் தவிர ஒருத்தருக்கும் கிடைக்கவில்லை. பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிற காது, யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சித்தப்பா கூலிங் கிளாஸ் காம்பு தெரிகிற காது எது என்று தேடினார். ரோகிணி கண்ணாடி, தோடு, இயர்பட்ஸ் எல்லாவற்றையும் அழித்து வெறும் காதை மட்டும் விட்டிருந்தாள் போல. அவர் முகம் சிவக்க ஆரம்பித்தபோது பின்னாலிருந்து சித்தி கையை நீட்டினாள்.

"இந்தா இருக்கு. கலியாணம் பண்ணுன நாள்லருந்து இந்தக் காதுல ஏறுற மாதிரிதான கத்திக்கிட்டு இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். என்னுடையது எது, சொல்லு பார்ப்போம் என்று. அக்கா தம்பி காதைக் காட்டினாள், மகள் அப்பன் காதைக் காட்டினாள். அவரவர் காதை அவரவருக்குக் காட்ட ஒருத்தர் வேண்டியிருந்தது. நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரோகிணி ஞாயிற்றுக்கிழமைதோறும் அறிமுகப்படுத்துகிற ஆட்களெல்லாம் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டது.

கருப்பசாமியைக் கும்பிட்டு, மொட்டை போட்டு, தன்விகாவை என் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். மண்டபமே அதிர அழுதாள். வாழைப்பழத்தைக் கொடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பேனர் முன்னால் ரோகிணியும் அவள் புருஷன் சிவக்குமாரும் நின்றிருந்தார்கள். ரோகிணி தன் காதையும் அதில் வைத்திருக்கிறாளாம், எது என்று மாப்பிள்ளையைக் கேட்டிருக்கிறாள். அவர் நெடுநேரம் யோசித்துக் காட்டியது என் மனைவி கனகாவின் காதை.

"நீ சொல்லுண்ணே," என்றாள் ரோகிணி. விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

நான் யோசிக்கவே இல்லை. இடது ஓரத்தில், நெளிந்த மேல்மடிப்போடு இருந்த ஒரு காதில் விரலை வைத்தேன்.

"இது."

அவள் என்னையே பார்த்தாள். "எப்படிண்ணே? எனக்கே என் காது தெரியாது. ஹரிஷ் சொல்லித்தான் தெரியும்."

"ஒன்னயப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் முன்பார்ல வச்சுத்தான மிதிச்சேன். அம்புட்டு வருசமும் என் கண்ணுக்கு நேரா இருந்தது இந்தக் காதுதான். இதத் தாண்டித்தான் எனக்கு ரோடே தெரியும்."

ரோகிணி என் தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டாள். அடுத்த தோளில் இருந்த தன்விகா வாழைப்பழத்தை நிறுத்திவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் அழுவதை வேடிக்கை பார்த்தாள்.